ஆறு மணிக்கு இறங்கும் சரக்கு

இருபது வருஷத்துக்கு மேல் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர் அவர். அந்தரத்தில் தொங்கும் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கப்பலின் வயிற்றிலிருந்து லாரியின் முதுகுக்குச் சரக்கு மாற்றிக்கொண்டிருந்தார். பேய்க்காற்று அடித்த நாளில்கூட ஒரு கீறல் படாமல் இறங்கி வந்த மனுஷன், ஒரு லீவு நாளில் வீட்டு மின்விசிறியைத் துடைக்க முக்காலிமேல் ஏறினார். முக்காலிக்கு என்ன கோபமோ தெரியவில்லை. அதன்பிறகு இடுப்புக்குக் கீழே எதுவும் அவர் பேச்சைக் கேட்கவில்லை.

“கிரேன்லேர்ந்தா விழுந்தீங்க?” என்று கேட்கிறவர்களிடம் முதலில் உண்மையைத்தான் சொல்லிவந்தார். கேட்டவர்களின் முகம் சப்பென்று ஆவதைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காமல், முக்காலியின் உயரத்தை வருஷாவருஷம் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போனார்.

மாற்றுத்திறனாளிகள் இல்லத்துக்கு அவர் வந்து சேர்ந்தபோது பெயர் வாசலிலேயே கழன்று விழுந்துவிட்டது. உள்ளே எல்லோருக்கும் அவர் கிரேன்காரர்தான்.

கெட்ட இல்லம் என்று சொல்லிவிட முடியாது. அடி கிடையாது, பட்டினி கிடையாது. தரையில் முகம் பார்த்துத் தலை சீவலாம். கூடத்துச் சுவரில் ‘இது உங்கள் வீடு’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. ஆனால் எந்த வீட்டில் வளர்ந்த ஆளைச் சாயங்காலம் ஆறு மணிக்குப் படுக்கப் போடுகிறார்கள்? இங்கே போட்டார்கள். ஒருவரைச் சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்குத் தூக்கி மாற்ற இரண்டு பேர் வேண்டும். பகல் ஆட்கள் ஆறரைக்குக் கிளம்பிவிடுவார்கள். ராத்திரிக்கு ஒரே ஒருவர். ஆகவே வெயில் ஜன்னல் கம்பியில் இருக்கும்போதே எல்லோரும் மல்லாக்கப் படுத்து உத்தரத்தை எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். தெருவில் பையன்கள் பந்தடிக்கும் சத்தம் கேட்கும். அவர்களுடைய அம்மாக்கள் இன்னும் கூப்பிடவே ஆரம்பித்திருக்க மாட்டார்கள். அதற்குள் இங்கே நரைத்த தலைகள் தலையணைக்குப் போய்விடும்.

இது பராமரிப்பு இல்லை, கிடங்கை மூடுவது. மேலாளர் அம்மாவிடம் கேட்டால், பாதுகாப்பு என்பார்.

கிரேன்காரருக்கு ஒரே ஒரு தங்கை. துணிக்கடையில் வேலை. கடை மூடி, கலைத்துப் போட்ட துணியை எல்லாம் மடித்து வைத்துவிட்டு அவள் வந்து சேர எட்டு மணியாகும். வாரத்தில் இரண்டு நாளாவது வந்துவிடுவாள். அண்ணன் படுத்திருப்பார். அவள் கட்டில் ஓரமாக நின்று குனிந்து பேசுவாள். பகல் முழுக்க நின்ற கால். குனிந்து குனிந்து முதுகும் போய்விடும்.

ஒருநாள் அவள் சொன்னாள்: “அண்ணா, உன் முகம் எப்படியிருக்கும்னே மறந்துபோச்சு.”

“எதிர்லதானே இருக்கேன்? நல்லாப் பாத்துக்கோ.”

“இது தலைகீழ் முகம். மூக்கு ஓட்டைதான் முதல்ல தெரியுது. நீ உக்காந்து நான் பாத்து எத்தனை நாளாச்சு? தெரிஞ்சவங்க எல்லாம் உங்கண்ணன் இன்னும் படுத்த படுக்கைதானான்னு கேக்கறாங்க. ஆமாம்னு சொல்றதா, இல்லைன்னு சொல்றதா?”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். போன பிறகு கிரேன்காரருக்குத் தூக்கம் வரவில்லை. ஆறு மணிக்குப் போட்டால் யாருக்குத்தான் வரும்?

மறுநாள் மேலாளரிடம் கேட்டார். “மேடம், தங்கச்சி வர்ற அன்னிக்கு மட்டுமாவது ஒம்பது மணி வரைக்கும் சேர்ல இருக்கேனே.”

மேடம் நல்ல மனுஷிதான். எல்லோருடைய பிறந்தநாளையும் ஞாபகம் வைத்திருப்பவர். ஆனால் டூட்டி நேரம் என்று வந்துவிட்டால் அந்தச் சிரித்த முகம் ஷட்டர் போட்டுக்கொள்ளும். “உங்களுக்கு ஒருத்தருக்குன்னு செஞ்சா எல்லாரும் கேப்பாங்க சார்.”

“கேக்கட்டுமே மேடம்.”

“அதான் சார் பிரச்சினை.”

அத்தோடு அது முடிந்தது. அவர் கையில் இருந்த இன்னொரு சண்டை மட்டும் பாக்கி இருந்தது. அது தூக்குகிற சண்டை.

இல்லத்தில் தூக்குகிற வேலைக்குத் தலைமை பயில்வான். காற்றடித்தால் கதவைப் பிடித்துக்கொள்ளும் ஒல்லி உடம்பு, அதனால்தான் கிண்டலாக அந்தப் பெயர். அவனும் இன்னொருவனும் வருவார்கள். நேற்றைய பந்தாட்டத்தில் நடுவர் செய்த அநியாயத்தைப் பேசிக்கொண்டே, அவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் அக்குளில் கையை விடுவார்கள். அடுத்த நொடி கிரேன்காரர் கட்டிலில் கிடப்பார்.

“ஏன்டா தம்பி, துறைமுகத்துல சிமென்ட் மூட்டையக்கூட இப்படித் தூக்கமாட்டோம். கீழே ஒருத்தன் நின்னு கை காட்டினாத்தான் கொக்கி அசையும். எனக்கும் ஒரு கை இருக்குல்ல?”

“சரிண்ணே, காட்டுங்க. அதையும்தான் பாத்துடுவோம்.”

கிரேன்காரர் தன் பழைய பாணியில் ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்ன வட்டம் போட்டார். துறைமுகத்தில் அதற்குத் ‘தூக்கு’ என்று அர்த்தம். அது கிரேன்காரருக்குத் தெரியும், துறைமுகத்துக்குத் தெரியும். பயில்வானுக்கு எப்படித் தெரியும்? அவன் சக்கர நாற்காலியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினான். கிரேன்காரர் பதறிப்போய் இன்னும் வேகமாக வட்டம் போட்டார். அவன் இன்னும் வேகமாகச் சுற்றினான்.

“நிறுத்துடா! தலை சுத்துது!”

“நீங்கதானே சுத்தச் சொன்னீங்க?”

கூடத்தின் மறுகோடியில் டெய்லரம்மா வயிறு குலுங்கச் சிரித்தாள். சின்ன வயதிலேயே காலில் வலு போனவள். கையால் சுற்றும் தையல் மெஷினை வைத்துக்கொண்டு பாதி ஊருக்குச் சட்டை தைத்தவள். அவள் நாக்கு கத்தரிக்கோலைவிடக் கூர்மை. “என்ன கிரேனு, ராட்டினத்துக்கு டிக்கெட் எடுத்தியா?”

பிறகு அவளே உட்கார்ந்து சைகைகளை மாற்றித் தைத்தாள். கட்டைவிரல் மேலே என்றால் தூக்கு. கீழே என்றால் இறக்கு. விரித்த உள்ளங்கை என்றால் நிறுத்து. “துறைமுகத்து வித்தையெல்லாம் துறைமுகத்தோட வெச்சுக்கோ,” என்றாள். கிரேன்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் ஒரு விதியை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. தூக்கச் சொல்லும் உரிமை தூக்கப்படுகிறவருக்கு மட்டும்தான். நிறுத்தச் சொல்லும் உரிமை, பார்த்துக்கொண்டிருக்கிற எல்லோருக்கும் உண்டு. துறைமுகத்தில் அப்படித்தான். ‘நிறுத்து’ என்று டீ கொண்டுவருகிறவன் காட்டினாலும் கொக்கி நிற்க வேண்டும்.

கை அசையாதவர் என்ன செய்வார்? தபால்காரருக்குக் கழுத்துக்குக் கீழே எதுவும் ஆடாது. அவர் கண்ணைச் சிமிட்டினால் தூக்கு, நாக்கை நீட்டினால் நிறுத்து என்று முடிவாயிற்று. வாழ்நாள் முழுக்க ஊர் நாய்களுக்குப் பயந்து மரியாதையாக நடந்த மனுஷர் அவர். இப்போது நாளுக்கு நாலு தடவை நாக்கை நீட்டக் கிடைத்ததில் பத்து வயது குறைந்துவிட்டது.

ஒரு மாதத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. சொல்லிவிட்டுத் தூக்கியதால் தூக்கப்படுகிறவரும் மூச்சைப் பிடித்து ஒத்துழைத்தார். பயில்வானுக்கு முதுகுவலி குறைந்தது. மேடத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. ‘இது உங்கள் வீடு’ பலகைக்குப் பக்கத்திலேயே புதுப் பலகை ஏறியது: ‘சைகை இல்லாமல் யாரையும் தூக்கக்கூடாது. நிறுத்து என்று யார் காட்டினாலும் நிறுத்த வேண்டும்.’ மேலிடத்துக்குப் போன் போட்டு, வந்து பார்க்கும்படி அதிகாரியையும் அழைத்துவிட்டார்.

டெய்லரம்மா அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். “கிரேனு, நிறுத்துன்னா நிறுத்தணும்னு போட்டிருக்கு. ஆறு மணிக்கு நிறுத்தக்கூடாதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?”

கிரேன்காரர் அவளைப் பார்த்தார். அவரது மீசைக்குள் ஒரு சிரிப்பு ஊர்ந்தது.

அன்று சாயங்காலம் பயில்வான் வந்து நின்றான். கிரேன்காரர் உள்ளங்கையை விரித்தார்.

“என்னண்ணே, எங்கயாவது பிடிச்சிருக்கா?”

“இல்ல. தூக்கம் வரல. ஒம்பது மணிக்கு வா.”

“அண்ணே, விளையாடாதீங்க. ஆறரை பஸ்ஸை விட்டா அடுத்தது ஏழரைக்குத்தான். என் பொண்டாட்டி ராத்திரி வேலைக்குப் போறவ. நான் போய்ச் சேர்ற வரைக்கும் குழந்தையைப் பக்கத்து வீட்ல விட்டிருப்பா. அவங்க ஏற்கனவே மூஞ்சைத் தூக்கறாங்க.”

கிரேன்காரரின் கை அந்தரத்தில் அப்படியே நின்றது. மேடத்தின் விதியை நிறுத்த விரித்த கை, பயில்வானின் குழந்தைக்குக் குறுக்கே போய் நிற்கிறது. பிறகு கட்டைவிரல் மெல்ல மேலே போயிற்று. தூக்கினார்கள். படுத்தார்.

அடுத்த கட்டிலில் கிடந்த தபால்காரர்கூட ஆதரவாக நீட்டியிருந்த நாக்கைச் சுருட்டிக்கொண்டார். காலையில் டெய்லரம்மா விளாசிவிட்டாள். “பெரிய சண்டியர்! ஒரு பஸ்ஸுக்குப் பயந்து மடங்கிட்டியே!”

“பஸ்ஸுக்கில்ல. அவன்மேல ஏறி நின்னு நான் ஜெயிக்கணுமா? அப்புறம் அவன் என்னைத் தூக்குவானா, போடுவானா?”

அவள் கொஞ்சநேரம் ஊசி கோப்பதுபோலக் கண்ணைச் சுருக்கினாள். “அப்ப அவனையே கேளேன். எந்த நேரம் அவனுக்குத் தோது?”

இவ்வளவு நாளாக அதை யாரும் பயில்வானிடம் கேட்டதில்லை. மேடமும் கேட்டதில்லை, கிரேன்காரரும் கேட்டதில்லை. கேட்டதும் அவன் மடைதிறந்த மாதிரி கொட்டினான். விடியுமுன் எழுந்து, குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு ஓடிவருவது அவனுக்கு நரகம். மனைவி காலையில் வந்துவிடுவாள், பகல் முழுக்கக் குழந்தையைப் பார்த்துக்கொள்வாள். அவளுக்கு ராத்திரி வேலை பிடிக்கவே இல்லை. மத்தியானத்தோடு முடியும் காலை வேலைக்கு மாறக் கேட்டால் தருவார்கள். அவனுடைய நேரத்தோடு இடிக்கிறதே என்றுதான் கேட்காமல் இருந்தாள். “நான் மத்தியானம் வந்து ராத்திரி போறதா இருந்தா எங்க வீடே உருப்படும்ணே. என்கூடத் தூக்கறவனும் அதான் சொல்றான். மத்தியானம் சாப்பாட்டுக்கப்புறம் ஆறு பேர் உக்காந்து ஈ ஓட்டறோம். சாயங்காலம் ஆளில்ல.”

“இதை மேடம்கிட்ட சொன்னியா?”

“என்கிட்ட யாரு கேட்டா?”

அதிகாரி வந்தார். சாயங்காலம்தான் வந்தார், ஆறு மணிக்குச் சற்று முன்னால். எல்லோருக்கும் சட்டை மாற்றித் தலை சீவிக் கூடத்தில் வரிசையாக வைத்திருந்தார்கள். அவர் நேரே தபால்காரரிடம் போய், குழந்தையைக் கொஞ்சுவதுபோலக் கன்னத்தைத் தட்டப் போனார். தபால்காரர் நாக்கை நீட்டினார்.

அதிகாரி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“அது ‘நிறுத்து’ன்னு அர்த்தம் சார்,” என்று மேடம் அவசரமாகச் சொன்னார். “தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப செஞ்சு காட்டறோம் பாருங்க.”

பயில்வானும் கூட்டாளியும் கிரேன்காரரிடம் வந்து, கும்பிடாத குறையாக நின்று கேட்டார்கள்: “அண்ணே, தூக்கலாமா?”

உள்ளங்கை விரிந்தது. அவர்கள் நின்றார்கள்.

“பாத்தீங்களா சார்? கையைக் காட்டினா அப்படியே நின்னுடுவாங்க,” என்றார் மேடம், முகமெல்லாம் பல்லாக.

“பிரமாதம். சரி, இப்பத் தூக்கட்டும்.”

கை விரிந்தபடியே இருந்தது. டெய்லரம்மாவின் கையும் விரிந்தது. அதற்குப் பக்கத்தில் ஒன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கூடம் முழுக்க உள்ளங்கைகள், நடுவில் தபால்காரரின் நாக்கு.

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “எப்பத்தான் தூக்கறது?”

“ஒம்பது மணிக்குங்க,” என்றார் கிரேன்காரர். “ஆறு மணிக்கு எங்க வீட்டுக் கோழிகூட அடைஞ்சதில்லங்க. என் தங்கச்சி எட்டு மணிக்கு வருவா. நான் உக்காந்திருக்கறதை அவ பாக்கணும். அவ்வளவுதான் விஷயம்.”

மேடத்தின் பற்கள் ஒவ்வொன்றாக உள்ளே போயின. “சார், இதை நீங்க என்கிட்ட நேரா கேட்டிருக்கலாம்.”

“கேட்டேனே மேடம். எல்லாரும் கேப்பாங்கன்னு சொன்னீங்க. இப்ப எல்லாரும் கேக்கறாங்க.”

“ஆறரைக்கு மேல யார் சார் இருக்கா? ஆளுக்கு எங்க போவேன்?”

பயில்வான் தொண்டையைக் கனைத்தான். இருக்கிற உடம்பையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து முன்னால் வந்தான். “நாங்க ரெண்டு பேர் இருக்கோம் மேடம். மத்தியானம் வந்துட்டு ஒம்பதரைக்குப் போறோம். எங்களுக்கு அதுதான் வசதி.”

“இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

அவன் கட்டைவிரலால் கிரேன்காரரைக் காட்டினான். அது எந்தச் சைகையிலும் சேராதது, ஆனால் கேட்டவர் அவர் ஒருவர்தான் என்று மேடத்துக்குப் புரிந்தது. அவர் அதிகாரியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். தன் வாயால் எழுதச் சொன்ன பலகை. “சரி, ஒரு மாசம் பாக்கறேன். ஒரு மாசம்தான்,” என்றார். தபால்காரர் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். பாவம், உலர்ந்தே போயிருந்தது.

அந்த வாரம் தங்கை வழக்கம்போல எட்டு மணிக்கு வந்தாள். கூடத்தில் விளக்கெரிந்தது. நாலைந்து பேர் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு, மீசைக்கு எண்ணெய் தடவி, வாசலுக்கு நேர் எதிரே அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவள் அவரைத் தாண்டி நேரே கட்டிலுக்குப் போனாள். படுத்திருக்கும் அண்ணனைத் தேடியே பழகிய கண். கட்டில் காலியாக, விரிப்பு மடிப்புக் கலையாமல் இருந்தது. தூக்கிவாரிப் போட்டது.

“அண்ணா! எங்கண்ணா எங்க? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டீங்களா?”

“ஏய், இங்கடி,” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “என்னைத் தாண்டித்தான் போனே. எருமை மாதிரி உக்காந்திருக்கேன், தெரியல?”

அவள் திரும்பி வந்து எதிரே நின்றாள். முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவருக்குக் கூச்சமாகிவிட்டது. பக்கத்தில் போட்டுவைத்திருந்த நாற்காலியைக் காட்டி, கட்டைவிரலைக் கீழே கவிழ்த்தார். இறக்கு.

அவள் பதறிப்போய்க் குனிந்து தரையைத் தேடினாள். “என்ன விழுந்துடுச்சு?”

“ஒண்ணும் விழல. உக்காருன்னேன். நாள் முழுக்க நின்ன காலு.”

அவள் உட்கார்ந்தாள். இப்போது இரண்டு மூக்கும் ஒரே உயரத்தில் இருந்தன.

“மீசை நரைச்சிடுச்சுண்ணா,” என்றாள்.

“வாயை மூடு. ஒம்பது மணி வரைக்கும் நேரம் இருக்கு. நல்ல விஷயமா ஏதாவது பேசு.”