தங்கப் பெயின்ட் அடித்த செடிகள்

அலுவலகத்தில் அவளுக்கு ‘சாரி அக்கா’ என்று பெயர். கட்டுகிற புடவையை வைத்து வந்த பெயர் அல்ல. இன்டர்நெட் கம்பெனியின் புகார்ப் பிரிவில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் வாய்க்கு வந்தபடி திட்டுவதைக் கேட்டு, ஒவ்வொருவரிடமும் ‘சாரி சார்’, ‘சாரி மேடம்’ என்று சொல்வதுதான் அவள் வேலை. குரல் கொஞ்சம்கூட உயரக் கூடாது. உயர்ந்தால் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிடுவார். விழுங்கிய கோபமெல்லாம் எங்கே போகிறது என்று யாரும் அவளைக் கேட்டதில்லை.

அவள் மூச்சு விட்டது வீட்டுப் பால்கனியில்தான். அங்கே வரிசையாக சக்குலென்ட் தொட்டிகள். இலையாலேயே ரோஜாப்பூ செய்து வைத்த மாதிரி, தடித்த இலைகள் அடுக்கடுக்காய் விரிந்திருக்கும். பாசத்தில் தினமும் தண்ணீர் ஊற்றினால் அழுகிப்போகிற ஜாதி. அடி இலை லேசாகச் சுருங்கிய பிறகுதான் ஊற்ற வேண்டும். அதுவும் நடுக்குருத்தில் ஒரு சொட்டுத் தங்கக் கூடாது. சில செடிகளின் இலைமேல் பவுடர் போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். விரல் பட்டால் போயே போச்சு, அந்த இலையில் திரும்ப வராது. அதனால் தொட்டியைப் பிடித்துத்தான் நகர்த்துவாள், செடியைத் தொடமாட்டாள்.

அவற்றில் பெரியது, நீலம் கலந்த சாம்பல் நிறம். அலுவலக வரவேற்பறையில் உடைந்து விழுந்து கிடந்த ஒற்றை இலையைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்து வந்து, காய்ந்த மண்மேல் சும்மா போட்டு வைத்தாள். அது நூல் நூலாய் வேர்விட்டு, பட்டாணி அளவில் ஒரு குட்டி போட்டு, பிறகு விரித்த கையளவு வளர்ந்தது.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் பால்கனி வெறிச்சோடிக் கிடந்தது. தரையில் தொட்டிகள் இருந்த தடம் மட்டும்.

“செடியெல்லாம் எங்கங்க?”

கணவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தம்பி எடுத்துட்டுப் போனான். இன்னைக்கு அவன் கிஃப்ட் கடையைத் திறக்கிறான்ல? அழகுக்கு வைக்கணுமாம்.”

“என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“செடிதானே. அதுக்குப் போய்...”

அந்த ‘தானே’ சுருக்கென்று தைத்தது. கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடை வாசலில் பலூன்கள். உள்ளே, கண்ணாடி அலமாரியில் அவள் செடிகள். அவளுக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. ஒன்று தங்க நிறம், ஒன்று ஊதா, மேலே மினுமினுப்புத் தூள் வேறு. மண்மேல் கூழாங்கல்லைப் பரப்பிப் பசை ஊற்றி ஒட்டியிருந்தது.

“வாங்க அண்ணி!” கொழுந்தன் பூரித்துப்போய் நின்றான். “எப்படி ஜொலிக்குது பாத்தீங்களா? ஸ்ப்ரே பெயின்ட், நானே அடிச்சேன்.”

“பெருசா, நீலமா ஒண்ணு இருந்துச்சே?”

“அதுவா... இந்த பில்டிங் ஓனரம்மா ஆசைப்பட்டாங்க அண்ணி, குடுத்துட்டேன்.”

“யாரைக் கேட்டுக் குடுத்தே?”

ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். இத்தனை வருஷத்தில் கொழுந்தனை அவள் ஒருமையில் பேசியதில்லை.

“என் வீட்டுக்குள்ள வந்து, என் செடியை எடுத்து, பெயின்டை அடிச்சு ஊருக்குத் தானம் பண்றியா? இலைக்கு வெளிச்சம் வேணும்டா. இதே டப்பாவை உன் மூஞ்சியில அடிச்சு அலமாரியில உட்கார வைக்கட்டுமா?”

“எல்லாரும் பாக்குறாங்க அண்ணி. சாரி.”

“அதை மட்டும் சொல்லாதே. நாள் பூரா அதைச் சொல்லித்தான் நான் சம்பளம் வாங்குறேன். அதுக்குள்ள ஒண்ணுமே இல்லைன்னு எனக்குத் தெரியாதா? போய் அட்டைப்பெட்டி கொண்டா.”

கொண்டுவந்தான். ஊதாச் செடியைக் கையில் வைத்திருந்த ஒரு பெண், கேட்காமலே அதைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டாள். பெரிய செடியை ஓனரம்மா வீட்டிலிருந்து அவனே போய் வாங்கி வரும்வரை இவள் வாசலைவிட்டு நகரவில்லை. அதுவும் தங்கமாகத்தான் வந்தது. அந்த அம்மா நடுக்குருத்தில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஊற்றியிருந்தாள்.

அடுத்து வந்த லீவு நாளெல்லாம் இதிலேயே போனது. ஒட்டிய கல்லை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தாள், மண்ணை மாற்றினாள். பெயின்டைச் சுரண்டினால் இலைத்தோலும் சேர்ந்து கிழிந்தது, விட்டுவிட்டாள். பாதிக்குமேல் அழுகின. ஒவ்வொன்றையும் குப்பையில் போடும்போது கொழுந்தனுக்கு ஒரு திட்டு, கணவனுக்கு இரண்டு. சிலவற்றில் மட்டும் நடுவிலிருந்து பெயின்ட் படாத புது இலை எட்டிப் பார்த்தது. பெரியது பிழைக்கவில்லை. தண்டு கறுத்து, தொட்டால் இலைகள் கூழாகக் கையோடு வந்தன. ஒரு இலைகூடத் தேறவில்லை.

அதே நிறத்தில் ஒரு செடியை நர்சரியில் வாங்கிக்கொண்டு கொழுந்தன் வந்தான். வாசலிலேயே திருப்பி அனுப்பினாள். பால்கனிக் கதவுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு காலையில் அவள் தொட்டிகளைத் திருப்பி வைத்துக்கொண்டிருந்தபோது கணவன் பால்கனி வாசலில் வந்து நின்றான்.

“நான்தான் கதவைத் திறந்துவிட்டேன். தப்புதான். இன்னும் எவ்வளவு நாளைக்கு இந்தக் கோபம்?”

“தெரியல. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெயில் மறைக்குது.”