மூக்கைப் பொத்தியவர்

ஜெர்மனியில் நான் இருக்கும் சிற்றூரில் சாலை காலியாகக் கிடந்தாலும், சிவப்பு விளக்கு எரிந்தால் ஏழெட்டுப் பேர் ஓரத்தில் அசையாமல் நிற்பார்கள். வந்த புதிதில் நான் மட்டும் கடந்தேன். பின்னாலிருந்து ஒரு மூதாட்டி, "கிண்டர்! கிண்டர்!" என்று கத்தினார். குழந்தைகள் என்று பொருள். ஏதோ குழந்தை அடிபடப்போகிறது என்று பதறி, நடுச்சாலையில் நின்று நாலாபுறமும் தேடினேன். ஒன்றும் இல்லை. விதி மீறுவதைக் குழந்தைகள் பார்த்தால் கெட்டுப்போவார்கள் என்று திட்டினாராம், பிறகு ஒருவர் விளக்கினார். இல்லாத குழந்தைக்காக இப்படியொரு கூட்டமா என்று ஆம்பூர் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் எழுதிச் சிரித்தேன்.

போன விடுமுறையில் ஆம்பூர் போனேன். மச்சான் சேகர் பேருந்து நிறுத்தத்து டீக்கடைக்கு அழைத்துப்போனான். பக்கத்திலேயே தோல் தொழிற்சாலைக் கழிவுநீர் ஓடை. பிறந்ததிலிருந்து சுவாசித்த நாற்றம்தான். ஆனால் பதினோரு வருடத்தில் என் மூக்கு குடியுரிமை மாற்றிக்கொண்டிருந்தது. கைக்குட்டையை எடுத்தேன்.

"இன்னா மாமா, ஜெர்மனி மூக்கா? ரொம்ப பேஜார் பண்ற!" என்றான் சேகர். கடையே சிரித்தது. வெட்கப்பட்டுக் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தேன்.

அப்போதுதான் ஒருவர் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும், தோளில் ஒரு பை, முகத்தைப் பாதி மறைத்த துண்டு. பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று ஒரு வாரமாக எல்லாக் கைப்பேசியிலும் செய்தி. ஊரில் எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை.

"மூஞ்ச மூடிகினு இன்னாடா பண்ற? எந்த ஊரு?" என்று கடையில் இருந்த ஒருவன் அவரை மறித்தான். கூட்டம் கூடியது.

"நாகர்கோவில் பக்கம். வேலூர் ஆஸ்பத்திரில வீட்டுக்காரிக்கு ஆப்பரேசன். ரத்தம் குடுக்க சொந்தக்காரப் பையனக் கூட்டிட்டுப் போவ வந்தேன். நாத்தம் தாங்கல, அதான்..."

"நாத்தமா? எங்கடா நாத்தம்?"

இருபது பேர் மூக்கை உறிஞ்சிப் பார்த்தார்கள். யாருக்கும் அடிக்கவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை. ஒருவன் என்னிடம் திரும்பினான். "அண்ணே, வெளிநாட்ல கீற, நீயே சொல்லு. உனுக்கு அடிக்குதா?"

கூட்ட மனம் பற்றி ஒரு அலமாரி நிறையப் புத்தகம் படித்தவன் நான். அந்த ஓடை என் தொண்டை வரை நாறியது. அந்த மனிதர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லியே," என்றேன். ஆம்பூர்க்காரனாகவே சொன்னேன்.

அதற்குப் பிறகுதான் முதல் அடி விழுந்தது. பை கிழிந்து பிஸ்கட் சிதறியது. "பாத்தியா, பிஸ்கட்டு!" என்றது கூட்டம். போலீஸ் வந்து தூக்கியபோது அவர் வெள்ளைச் சட்டையில் ஒரு செருப்புத் தடம் தெரிந்தது. செருப்பு வடிவமைத்துப் பிழைக்கிறவன் நான். எட்டாம் நம்பர் என்று மனம் தானாகக் குறித்துக்கொண்டது. 

அவரைப் பற்றிச் சேகர் மறுநாள் விசாரித்து வந்தான். சொன்னதெல்லாம் நிஜமாம், பாவமாம். அந்தம்மாவுக்கு ரத்தம் கிடைத்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால், உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று அவன் திருப்பிக் கேட்பான்.

இப்போது இங்கே சிவப்பில் நானும் நிற்கிறேன். மூதாட்டி என்னைப் பார்த்து, திருந்திவிட்டான் என்பதுபோல் தலையாட்டுகிறார். காற்று சுத்தமாக இருக்கிறது. என் கை மட்டும் பைக்குள் போய், அந்தக் கைக்குட்டை வெளியே வந்துவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது.