பால்கோவா தின்ற பிறகு ஒரு ஓட்டு

போன வாரம் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பங்குதாரர் கூட்டம். என்னிடமும் கொஞ்சம் ஷேர் இருக்கிறது. போனேன்.

கூட்டமா, கல்யாணமா? வாசலில் முதலாளியே நின்று கைகூப்பி வரவேற்றார். ஆளுக்கொரு பால்கோவா பெட்டி. அதை வாங்கிக்கொண்டு, எல்லாத் தீர்மானத்துக்கும் 'சரி' போட்டுவிட்டு வீடு திரும்புவது எங்கள் வழக்கம்.

இந்த முறை ஒரு சிக்கல்... பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்கும் மில் இடத்தை முதலாளியின் மகன் நடத்தும் கம்பெனிக்கே விற்க வேண்டுமாம். அதுவும் அடிமாட்டு விலைக்கு! சொந்தக்காரர் விவகாரம் என்பதால் முதலாளி குடும்பம் இதில் ஓட்டுப் போட முடியாது. மற்றவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். நிறைய ஷேர் வைத்திருக்கும் வெளிநாட்டு ஃபண்ட் ஒன்று, எதிர்க்கப்போவதாக முன்பே அறிவித்துவிட்டது. ஆனால் அந்த ஓட்டு மட்டும் போதாது. எங்களைப் போன்ற சில்லறை ஆட்களும் சேர வேண்டும்.

"எங்கேயோ இருக்கவனுக்கு நம்ம மில்லுல என்ன வேலை?" என்று ஒருவர் கேட்டார். பலத்த கைதட்டல்.

அப்போதுதான் கோதை அக்கா எழுந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருப்பவர்; என்னைப் போலக் கொஞ்சம் ஷேரும் வைத்திருக்கிறார். எங்கள் கையில் இருந்த பெட்டிகளே அவர் கடைச் சரக்குதான். தீபாவளிக்கு மில் தொழிலாளர்கள் அத்தனை பேருக்கும் அவரிடம்தான் இனிப்பு வாங்குகிறார்கள். அந்த ஆர்டர் கைவிட்டுப் போனால் கடை ஆட்டம் கண்டுவிடும்.

"அந்த ஃபண்டுக்காரவிய நம்ம வீட்டு விசேஷத்துக்கு வரப்போறதில்ல. அதான் தைரியமா வேண்டாம்னுட்டாவ. நமக்குத்தான் முகதாட்சணியம்" என்றார். பிறகு மேடையைப் பார்த்தார். "முதலாளி கோவிச்சுக்கக் கூடாது. இடத்த ஏலத்துல விடுங்க. உங்க மகனும் வந்து கேக்கட்டும். இப்ப நான் வேண்டாம்னுதான் போடப்போறேன்."

கடல் தாண்டி உட்கார்ந்து கம்ப்யூட்டரில் 'வேண்டாம்' என்று தட்டுவதும் நல்ல காரியம்தான். ஆனால், பிழைப்புக் கொடுக்கிறவர் முகத்தைப் பார்த்துச் சொல்வது? அதற்குத் தனித் துணிச்சல் வேண்டும்.

தீர்மானம் தோற்றது. நேற்று முதலாளியே அக்காவுக்கு போன் செய்து, வழக்கம்போல தீபாவளி ஆர்டர் சொன்னாராம் — அவரும் பெரிய மனுஷர்தான்.

"அந்த ஃபண்டுக்காரர்களுக்கும் ஒரு பெட்டி அனுப்பலாமே அக்கா?" என்று கேட்டேன்.

"வேண்டாம் தம்பி. அவியளாவது பால்கோவா தின்னாம ஓட்டுப் போடட்டும்."