சுடலைக்காட்டு மணவாட்டி

எங்கள் ஊருக்குப் பேய்ப்படம் வந்த கோடையில் எனக்கு ஒன்பது வயது, அண்ணனுக்குப் பதினாறு. வடசேரிக்கு அப்பால் அறுப்பு முடிந்து கிடந்த வயலில் கூடாரம் அடித்து ஒருவர் ஊமைப்படம் காட்டிக்கொண்டிருந்தார். சினிமா சாத்தானின் ஜன்னல் என்று எங்கள் சபைக் கூட்டத்தில் தீர்மானம் போட்டார்கள். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த அப்பாதான் அந்தத் தீர்மானத்தை எழுதி வாசித்தவர். அந்தச் சாத்தானுக்கு விளம்பரம் எழுதும் வேலை தன் வீட்டுத் தொழுவத்திலேயே நடக்கப்போகிறது என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். அடுத்து வரவேண்டிய பேய்ப்படம் திருவனந்தபுரத்திலிருந்து மாட்டுவண்டியில் வந்தபோது கோடைமழை பிடித்துக்கொண்டது. படச்சுருள்கள் தகரப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தன. விளம்பரக் காகிதங்கள் மட்டும் நனைந்து ஒரே கூழாகிவிட்டன. கொட்டகைக்காரர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த நேரத்தில் அண்ணனும் அவன் வகுப்புத்தோழன் மைதீனும் கூடாரத்து ஓட்டை வழியாக உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். மைதீன் கோட்டாற்றுக் கடைக்காரர் ஒருவரின் மகன். அச்சடித்ததுபோல எழுதுவான். அண்ணன் படம் போடுவான். நாங்கள் எல்லாம் செய்து தருகிறோம் என்று இருவரும் சொல்லிவிட்டார்கள். கூலியாக, கொட்டகை இருக்கும்வரை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று படம் பார்க்கலாம் என்று பேச்சு.

படம் வெள்ளைக்காரர்களுடையது. அதன் இங்கிலீஷ் பெயரைச் சொன்னால் ஒருவரும் பயப்பட மாட்டார்கள் என்று மைதீன் புதுப்பெயர் வைத்தான்: 'சுடலைக்காட்டு மணவாட்டி.' நோட்டீஸ் வாசகமும் அவனுடையதே. 'நெஞ்சுரம் இல்லாதோர் வீட்டிலேயே இருந்துகொள்ளவும்' என்ற வரியை எனக்கு நாலு தடவை வாசித்துக் காட்டினான்.

இது தவிர ஒரு மாதிரித் துண்டும் தயாராயிற்று. இன்று அதை டிரெய்லர் என்கிறார்கள். அன்று எங்களுக்கு அந்தச் சொல் தெரியாது. பேய்ப்படத்தை வெட்டக்கூடாது என்று கொட்டகைக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், பழைய படங்களில் அறுந்து கிடந்த துண்டுகளைப் பொறுக்கி ஒட்டினார்கள். ஒரு படத்திலிருந்து தானாகத் திறக்கும் கதவு, இன்னொன்றிலிருந்து ஓடுகிற வெள்ளைக்காரி, வேறொன்றிலிருந்து காற்றில் ஆடும் மரங்கள். கடைசியில், மெஷின் விளக்குக்கு முன்னால் வைத்துக் காட்டும் கண்ணாடிச் சில்லில் அண்ணன் தீட்டிய மணவாட்டியின் முகம் திரை முழுக்க வரவேண்டும்.

அந்த முகம்தான் வரவில்லை.

அண்ணன் அதுவரை வரைந்ததெல்லாம் ஞாயிறு பள்ளிப் படங்களைப் பார்த்துத்தான். அவன் போட்ட பேய்க்குக் கோரைப்பல் வைத்தாலும் தேவதூதன் சாயல் போகவில்லை. மூன்று காகிதங்களைக் கிழித்துப் போட்டான். விளக்குக்கரியும் துணிக்கு இடும் நீலமும் குழைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நான்தான் சொன்னேன்.

"அத்தைய இருத்திப் பாத்து வரையேன். அத்தைக்கு நெறைய முடி உண்டுல்லா?"

முடி என்றுதான் சொன்னேன். முடியை மட்டும்தான் நினைத்தேனா என்று இந்த வயதிலும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. அப்போது இருபத்தேழு வயது. பதிமூன்று வயதில் வந்த அம்மை அவளைக் கொல்லாமல் விட்டு, முகம் முழுக்கக் குழிகளைப் போட்டு, வலது கண்ணில் பூ விழவைத்துவிட்டுப் போயிருந்தது. மிஷன் பங்களாவுக்காக வீட்டிலிருந்தபடியே லேஸ் பின்னுவாள். வட்டத் தலையணையில் குத்திய ஊசிகளுக்கிடையே நூல்கட்டைகளை மாற்றி மாற்றிப் போடும் அந்த விரல்களை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். யாரும் அவளைப் பெண்கேட்டு வந்ததில்லை. அந்த வருஷம்தான் முதல்முறையாக இராஜாக்கமங்கலத்திலிருந்து ஒரு பேச்சு வந்தது. சிறிய தென்னந்தோப்பு வைத்திருந்தவர். மனைவி இறந்து இரண்டு வருஷம். மூன்று வயதில் ஒரு பெண்குழந்தை. முகத்தைப் பற்றி அப்பா ஒளிக்காமல் சொல்லியனுப்பியிருந்தார். அதனால் ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து பார்க்கிறேன் என்று பதில் வந்திருந்தது. அத்தை வெளியே எதையும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் கட்டைகளை உருட்டும்போது மெல்லப் பாட ஆரம்பித்திருந்தாள்.

அப்பா இல்லாத ஒரு முற்பகலில் அவளைத் தொழுவத்துக்குக் கூட்டிவந்தேன். அண்ணன் படம் வரையப் போகிறான் என்று மட்டும் சொன்னேன். என்ன படம் என்று அவளும் கேட்கவில்லை. போய், தான் பின்னிய லேஸ் வைத்த வெள்ளைச் சேலையை உடுத்திக்கொண்டு வந்தாள்.

"முடிய அவுத்து விடணுமாலே? இது என்ன கோலம்?"

"அப்பிடித்தான் நல்லாருக்கும் அத்தே. கொஞ்சம் இப்பிடித் திரும்பி இரிங்க."

"இந்தப் பக்கமாட்டு வரை மக்கா," என்று நல்ல கண் இருந்த பக்கத்தைக் காட்டி உட்கார்ந்தாள்.

அண்ணன் அந்தப் பக்கம் சிறிது நேரம் வரைந்தான். பிறகு சத்தமில்லாமல் எழுந்து மறுபக்கம் போய் உட்கார்ந்தான். அத்தை கவனித்திருப்பாள். ஒரு மணி நேரம் மூச்சுக்கூடப் பெரிதாக விடாமல் இருந்தாள். அவளை அதுவரை யாரும் அவ்வளவு நேரம் முகம் திருப்பாமல் பார்த்திருக்க மாட்டார்கள்.

அதன்பிறகு தினமும் என்னிடம் கேட்பாள்: "ஏட்டி, படம் முடிஞ்சா?" காயுது என்று சொல்ல அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தான்.

அந்த வாரம் மாதிரித் துண்டைக் காட்டினார்கள். தரையில் கொட்டிய மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் கடைசி முகத்தைக் கண்டதும் எழுந்து பின்னால் ஓடினார்களாம். கொட்டகைக்காரர் அண்ணனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம். அண்ணன் வீட்டில் எனக்கு மட்டும் ரகசியமாக இதைச் சொன்னான். எனக்கும் பெருமை தாங்கவில்லை. யோசனை என்னுடையது அல்லவா?

வெள்ளிக்கிழமை படம் தொடங்கியது. அதே முகத்தை அண்ணன் பெரிதாகத் தீட்டிய நாலு விளம்பரப் படங்கள் ஊரில் ஒட்டப்பட்டன. ஐந்தாவதை மூங்கில் தட்டியில் கட்டி மாட்டுவண்டியில் ஏற்றி, முரசடித்துத் தெருத்தெருவாகக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருவுக்குள் மட்டும் வரவேண்டாம் என்று அண்ணன் கெஞ்சிக் கேட்டிருந்தான்.

சனிக்கிழமை காலையில் அத்தை முடித்த லேஸைக் கொடுக்க மிஷன் பங்களாவுக்குப் புறப்பட்டாள். நானும் கூடப் போனேன். போகிற வழியில் அத்தை மறுபடியும் கேட்டாள்.

"அவன் வரைஞ்சது இன்னும் காயலியாட்டி?"

எனக்கு அதற்குமேல் அடக்கிவைக்க முடியவில்லை. "காஞ்சாச்சு அத்தே. ஊரே பாக்குது. வாங்க காட்டித்தாறேன்," என்றேன்.

அத்தையின் முகத்தில் ஒரு வெட்கம் வந்தது. "ஊரு பாக்குதா? சீ, போட்டி," என்றாள். ஆனாலும் வந்தாள். நேர்வழியை விட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சந்தைக்குள் கூட்டிப்போனேன்.

சந்தையின் பக்கச்சுவரில் இரண்டு ஆள் உயரத்துக்கு இருந்தது படம். அதன்முன் ஒரு கூட்டம். அத்தை முதலில் அடையாளம் கண்டது முகத்தை அல்ல, சேலை ஓரத்தை. ஒவ்வொரு கண்ணியாக எண்ணி வரைந்ததுபோல அவளுடைய லேஸ் மாதிரியை அண்ணன் அப்படியே எடுத்திருந்தான். "இது நம்ம பின்னலுல்லா," என்று சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

அண்ணன் முகத்தில் எதையும் கூட்டவில்லை. பிற்காலத்தில் அதை நினைத்தால்தான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று. குழிகள் அவள் குழிகள்தான். வெள்ளைக் கண் அவள் கண்தான். இரண்டு கோரைப்பல் மட்டும் சேர்த்திருந்தான்.

எங்களுக்கு முன்னால் ஒரு பெண் இடுப்பில் பிள்ளையோடு நின்றிருந்தாள். இரண்டு மூன்று வயதிருக்கும். படத்தைப் பார்த்துச் சிணுங்கிக்கொண்டிருந்த அந்தப் பிள்ளை தாயின் தோளில் முகத்தைப் புதைக்கத் திரும்பியது. திரும்பிய இடத்தில் அத்தை நின்றாள். பிள்ளை அவளைப் பார்த்தது. சுவரைப் பார்த்தது. மறுபடி அவளைப் பார்த்து வீறிட்டது. அப்படி ஒரு அலறலை நான் அதற்குப்பின் கேட்டதில்லை. அத்தை பழக்கத்தில், சமாதானப்படுத்தக் கையை நீட்டிவிட்டாள். பிள்ளைக்கு மூச்சே நின்றுவிடும்போல ஆயிற்று.

"தள்ளிப் போம்மா அங்கிட்டு! பிள்ளைக்கு வலிப்பு வந்துரும்," என்று தாய் கத்தினாள். கூட்டம் திரும்பியது. பின்னாலிருந்து ஒருவன், "மணவாட்டி இஞ்சதாம்டே நிக்கா," என்றான். சிலர் சிரித்தார்கள். சிலர் சிரிக்காமல் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

அத்தை நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். சேலைத் தலைப்பை இழுத்து மூடக்கூட இல்லை.

"நல்லா வரைஞ்சிருக்கான்," என்று என்னிடம் சொன்னாள். பிறகு நடந்தாள். நேராக மிஷன் பங்களாவுக்குப் போய் லேஸைக் கொடுத்தாள். அடுத்த வேலைக்கான நூலை வாங்கிக்கொண்டாள். சந்தைப் பக்கம் திரும்பாமல் நேர்வழியிலேயே வீட்டுக்கு நடந்தாள். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

மாலைக்குள் விஷயம் அப்பாவுக்கு எட்டிவிட்டது. அண்ணனைத் தென்னமட்டையால் அடித்தார். அம்மா குறுக்கே விழுந்து தடுக்கும்வரை அடித்தார். அண்ணன் அழவில்லை. விட்டதும் எழுந்து ஓடி, மைதீனையும் கூட்டிக்கொண்டு, நாலு சுவர்களிலும் தானே ஒட்டிய படங்களை நகத்தால் சுரண்டிக் கிழித்தான். தட்டியைக் கொட்டகைக்காரர் தரவில்லை. கண்ணாடிச் சில்லையும் தரவில்லை. படம் ஓடும்வரை அவை வேண்டும் என்றார். எனக்கு ஒரு அடிகூட விழவில்லை. யோசனை யாருடையது என்று அண்ணன் சொல்லவில்லை. அத்தையைச் சந்தைக்கு இழுத்துப் போனது யார் என்று அத்தையும் சொல்லவில்லை. போகிற வழியில் தற்செயலாகக் கண்ணில் பட்டது என்றே எல்லோரும் கடைசிவரை நம்பினார்கள்.

மறுநாள் இராஜாக்கமங்கலத்துக்காரர் சொன்னபடி வந்தார். தெற்குச் சாலையில் வந்ததால் வண்டித் தட்டியில் மிஞ்சியிருந்த படத்தையும் அவர் பார்த்திருக்கவில்லை. கறுத்து மெலிந்த மனிதர். தோளில் மகளை வைத்திருந்தார். அந்தக் குழந்தைக்கு மஞ்சள் பாவாடை கட்டி, தானே பின்னியதுபோலக் கோணலாக ஜடை போட்டிருந்தார். கீழே இறக்கிவிட்டதும் அது என்னோடு ஒட்டிக்கொண்டது. முற்றத்தில் நாங்கள் இருவரும் கோழிக்குஞ்சு துரத்தினோம். உள்ளறை ஜன்னல் விரற்கடை அளவு திறந்திருந்ததைப் பார்த்தேன். அதற்குப் பின்னால் வெள்ளைச் சேலை தெரிந்தது.

அத்தையைக் கூட்டிவர அம்மா மூன்று தடவை உள்ளே போனாள். பிறகு அப்பா போனார். கதவருகில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"வேண்டாம்ணு சொல்லிருங்க அண்ணே."

"அவரு அப்பிடிப்பட்ட ஆளில்ல பிள்ளே. ஒண்ணும் நெனைக்க மாட்டாரு."

"அவர நான் ஒண்ணும் சொல்லல. எனக்கு வேண்டாம்."

அவர் வெகுநேரம் காத்திருந்தார். காப்பியைக் குடித்துத் தம்ளரைத் தானே கழுவப்போனார், அம்மா வாங்கிக்கொண்டாள். புறப்படும்போது என்னிடம் குனிந்து, "அத்தைக்குச் சொகமில்லியா மக்கா?" என்று கேட்டார்.

"சொகந்தான்," என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு மகளைத் தூக்கித் தோளில் வைத்தார். தெரு திரும்பும்வரை அது எனக்குக் கையாட்டிக்கொண்டே போனது. அடுத்த வருஷம் அவர் வேறு இடத்தில் மணம் முடித்தார் என்று கேள்விப்பட்டோம். அத்தைக்குப் பிறகு ஒருவரும் வரவில்லை. முப்பத்தொரு வருஷம் எங்கள் வீட்டிலேயே இருந்து இறந்தாள். ஆராதனையில் பாட்டுத் தொடங்கியபின் சபைக் கோயிலுக்குள் நுழைந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்து வந்துவிடுவாள். ஊரில் பிள்ளைகள் யாரையும் அவள் தூக்கி நான் பார்த்ததில்லை. என் பிள்ளைகளைக்கூட, அவை தூங்கும்போது மட்டுமே தொடுவாள்.

அவமானத்தால்தான் அவள் அந்தச் சம்பந்தத்தை மறுத்தாள் என்று அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு அவர்கள் போனபின், அத்தை உள்ளறையிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். நூல்கட்டைகளை மடியில் குவித்து வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்தப் பிள்ளை அழுதுச்சாட்டி?"

"இல்லியே. சிரிச்சிட்டேதான் கெடந்து. யாரக் கண்டும் பயப்படாத பிள்ளை அத்தே."

அத்தை மடியிலிருந்த கட்டைகளை ஒவ்வொன்றாகத் தரையில் எடுத்து வைத்தாள். "அப்பிடியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நல்ல செய்தி சொல்லியும் அத்தை ஏன் அழுகிறாள் என்று புரியாமல், நான் மறுபடியும் கோழிக்குஞ்சு துரத்தப் போனேன்.