மூன்று நாள் விதியும் நான் எழுதிய மனுவும்

எண்பதுகளின் தொடக்கத்தில், சேலத்திலிருந்து பனமரத்துப்பட்டிக்குப் போகும் சாலையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்தில் எழுத்தராக இருந்தேன். பி.ஏ. படித்தவன், நன்றாகத் தமிழ் எழுதுவான் என்று அங்கே எனக்கு மரியாதை. அந்தத் தமிழை வைத்து நான் செய்த அயோக்கியத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அங்கே ஒரு விதி இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மூன்று நாளுக்குள் திரும்பாவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிட வேண்டும்; கட்டில் அடுத்தவருக்கு. நோய் வந்த நேரத்தில் வெளியே தள்ளத்தான் முதியோர் இல்லமா? இந்த வெட்கங்கெட்ட விதிக்குப் பயந்து அத்தனை பேரும் காய்ச்சலை மறைத்தார்கள். நடுங்கிக்கொண்டே வரிசையில் வந்து நின்று கஞ்சிக்குத் தட்டு நீட்டினார்கள்.

திருச்செங்கோட்டுப் பக்கம் வயக்காட்டு வேலை செய்து ஓய்ந்த ஒரு அம்மாளுக்குக் காலில் ஆறாத புண். சேலையை இறக்கிக் கட்டி மறைத்திருந்தார். அவருக்காகத்தான் எல்லோரும் நிர்வாகத் தலைவருக்கு மனுக் கொடுக்க முடிவு செய்தார்கள். முன்னால் நின்றவர் நாமக்கல்லில் லாரி ஓட்டிய ஒரு பெரியவர்.

"ஏனுங்க ரைட்டரு, நீங்கதான் எழுதோணும். நல்லா உறைக்கிற மாதிரி எழுதுங்க."

"மனுவுல அப்படியெல்லாம் எழுதக் கூடாதுங்க" என்றேன்.

"ஹாரன் அடிக்காம எந்த மாட்டுவண்டி ஒதுங்குச்சுங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. "என்ற காலப் பத்தி எழுதிப்போடாத சாமி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு ஏத்தி உட்டுருவாங்க."

"உன்ற கால உட்டுப்போட்டு வேற என்னத்த ஆத்தா எழுதறது?" என்றார் டிரைவர்.

எழுதினேன். அந்தக் காலத்து மனு, பெறுபவரைப் புகழ்ந்துதான் தொடங்கும். நான் ஒரு படி மேலே போய், 'தங்கள் கருணையால் இங்கு எங்களுக்கு யாதொரு குறையும் இல்லை' என்று முதல் பத்தியில் எழுதினேன். விதியை மாற்றும் கோரிக்கை கடைசியில் பதுங்கிக்கொண்டது. வழக்கம்தானே என்று பல வருடம் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது பொய். என் வேலை இன்னும் தற்காலிகம்தான். நிர்வாகத் தலைவர் முகம் சுளிக்கக் கூடாது என்று பயந்தேன். மனுவை அவர்களுக்குப் படித்துக் காட்டியபோது அந்த வரியை விட்டுவிட்டுப் படித்தேன். நம்பிக் கைநாட்டு வைத்தார்கள்.

தலைவர் வந்தார். கூடத்தில் நின்று அந்த ஒரு வரியைச் சத்தமாகப் படித்தார். "குறையே இல்லைன்னு நீங்களே கைநாட்டு வெச்சிருக்கீங்க. அப்புறம் எதை மாத்தச் சொல்றீங்க?" காப்பியைக் குடித்துவிட்டுக் கார் ஏறினார். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் அந்த அம்மாள் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நான்காம் நாள் காலை, சிவப்பு மையில் அவர் பெயரை அடித்தவன் நான். பத்து நாள் கழித்து, புண் ஓரளவு ஆறி, கம்பு ஊன்றி வந்து கேட்டில் நின்றார். அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

"நான் எந்த ஊட்டுக்குப் போவேன், சொல்லு சாமி?"

"என் கையில ஒண்ணும் இல்லைங்க ஆத்தா" என்றேன். இதைவிடப் பெரிய பொய்யை நான் வாழ்நாளில் சொன்னதில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு திரும்பி நடந்தார்.

இரண்டாவது மனுவுக்கு என்னைக் கூப்பிடவில்லை. டிரைவர் சொல்லச் சொல்ல, நாலாம் வகுப்புப் படித்த ஒருவர் எழுதினார். புகழ்ச்சி கிடையாது. 'நோவு வந்தா தொரத்தாதீங்க' என்பதுதான் முதல் வரி. நடக்க முடிந்தவர்கள் எல்லாம் பஸ் ஏறி, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தலைவர் பங்களாவின் வாசலில் போய் உட்கார்ந்தார்கள். அக்கம்பக்கத்தார் வெளியே வந்து என்ன ஏது என்று விசாரித்தார்கள். நான் கருணை என்று புகழ்ந்த மனிதருக்கு அப்போதுதான் கூச்சம் வந்தது. அன்றைக்கே விதியை நீக்கினார்.

மறுநாள் டிரைவர் என் மேசைக்கு முன் வந்து நின்றார். "அந்த ஆத்தாளக் கூட்டியாரோணும். எங்க போச்சுன்னு எழுதி வெச்சிருக்கீங்களா?"

பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் இருந்தது. காலியாக விட்டிருந்தேன்.

"கேக்கலைங்க" என்றேன்.

அவரும் இன்னொருவரும் திருச்செங்கோட்டுப் பக்கம் ஊர் ஊராகத் தேடினார்கள். அந்த அம்மாள் கிடைக்கவில்லை. நான் கூடப் போகவில்லை. அந்த மாதம்தான் என் வேலை நிரந்தரமானது.