மருந்து மிஸ்ஸும் வெலிமடை எடைக்கற்களும்

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் கையுறை போடுவதுதான் முதலில் ஞாபகத்துக்கு வருகிறது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சோடி. அதற்கு முன்பே நீளக்கை அங்கி, வாய்க்கு மூடி, கண்ணுக்குப் பெரிய கண்ணாடி. பிறகு ஒரு சின்னக் குப்பியை இரண்டு விரலால் பிடித்து, அதற்குள் இருக்கும் சிவப்பு மருந்தை ஊசியால் மெல்ல உறிஞ்சுவார். ஒரு துளியும் சிந்தவில்லையே என்று தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். பதுளை ஆஸ்பத்திரியில், புற்றுநோய் வார்டுக்கு வெளியே கிடந்த வாங்கில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. துணிச்சல் ஐந்தைத் தாண்டவில்லை. தோலில் பட்டால் ஆபத்து என்று அவர் இத்தனை உடுப்புக்குள் ஒளிந்துகொள்கிறார். அதே மருந்து இன்னும் சற்று நேரத்தில் நேராக என் நரம்புக்குள் போகப்போகிறது. இந்தக் கணக்கில் எங்கோ பிழை இருப்பதாகப் பட்டது. நான் கணக்கு வாத்தியார் வேறு.

தொண்ணூறுகளின் கடைசி அது. தெமோதரைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். கழுத்தில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி வந்தது. சளிக்கட்டி என்று நானே எனக்கு வைத்தியம் சொல்லிக்கொண்டு திரிந்து, கடைசியில் அதற்கு வேறு பெயர் என்று தெரிந்தபோது, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதுளைக்கு வந்து மருந்து ஏற்றவேண்டும் என்றார்கள். துணைக்கு அக்கா வந்தாள். அம்மா அப்பா போன பிறகு கொழுந்து பறித்து என்னை வாத்தியாராக்கியவள் அவள்தான். எனக்குப் பயம் வந்தால் பகிடி வரும். மற்றவர்கள் அழுகிற இடத்தில் நான் வேடிக்கை பேசுவேன்.  அந்த மாதங்களில் நான் விட்ட பகிடிகளைச் சேர்த்து வைத்திருந்தால், நான் எவ்வளவு நடுங்கினேன் என்பதற்கு அதுவே சாட்சியாகியிருக்கும்.

கண்ணாடிக்குப் பின்னால் நின்றவரை எல்லோரும் 'மருந்து மிஸ்' என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர். இருமலுக்கும் காய்ச்சலுக்கும் மருந்து கொடுக்கிற பார்மசிக்காரர் இல்லை. புற்றுநோய் மருந்துக்கென்றே படித்து வந்தவர். டொக்டர் எழுதுவார், எழுதியதற்கும் நம் நரம்புக்கும் நடுவில் இவர் நிற்பார். உயரம், எடை, இரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் வைத்து அளவைத் தானும் ஒருமுறை போட்டுப் பார்த்து, ஒத்து வந்தால்தான் குப்பியைத் தொடுவார். மருந்துத் தட்டோடு கட்டிலடிக்கு வந்து, நன்றாகத் தெரிந்த முகமானாலும் ஒவ்வொரு தடவையும் பெயரைக் கேட்பார். ஒருநாள், "எது மிஸ், அக்கா வச்ச பேரா, பிள்ளைங்க வச்ச பட்டப்பேரா?" என்றேன். உடனே தட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டார். பின்னாலேயே சேலைன் கம்பியை உருட்டிக்கொண்டு ஓடிப்போய் முழுப் பெயரும் சொன்னேன். தகப்பன் பெயரையும் சேர்த்து.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஹல்துமுல்லைப் பக்கத்துப் பழைய கங்காணி ஒருவர் இருந்தார். ஒரு தடவை அவரை எடை பார்த்த நர்ஸ் மிஸ்ஸி முகம் சுளித்தாள். டொக்டர் வந்தார், மருந்து மிஸ் வந்தார், மூவரும் மெதுவாகப் பேசினார்கள். "இப்ப மருந்து வேண்டாம் ஐயா. நல்லாச் சாப்பிட்டு உடம்பத் தேத்திக்கொண்டு பிறகு வாங்கோ" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை நாங்கள் போனபோது அந்தக் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். கங்காணி செத்துப்போனாராம்.

லயத்தில் எங்கள் அறைக்குத் திரும்பியதும் அக்கா சொன்னாள். 

"எடை கொறஞ்சா மருந்த நிப்பாட்டிர்றாங்கடா தம்பி. தோட்டத்து ஆபீஸ்ல 'அப்புறம் வா'ன்னு சொன்னா என்னா அர்த்தம்? இல்லேன்னுதானே அர்த்தம்!"

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் அதற்கு வேறு அர்த்தம் தெரியாது. எனக்கும் தெரியவில்லை. ஏற்கனவே என் காற்சட்டை இடுப்பில் நிற்க மறுத்துக்கொண்டிருந்தது.

தராசு என்றால் அக்காவுக்கு ஆகாது. கொழுந்து நிறுக்கும்போது சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்துக் கழித்தே அவள் ஆயுள் போயிருந்தது. ஆகவே இந்தத் தராசை அவள் விடுவதாக இல்லை. வெலிமடை உருளைக்கிழங்கு விற்கிற கடையில் இரும்பு எடைக்கல் ஒன்றை இரவல் வாங்கினாள். அதற்கொரு துணிப்பை தைத்து என் இடுப்பில் கட்டி, மேலே சட்டை, அதற்கு மேலே ஸ்வெட்டர். அந்தத் தடவை முள் பழைய எடையிலேயே நின்றது. மிஸ்ஸி திருப்தியாகத் தலையாட்டினாள். அதற்கடுத்த தடவை இன்னொரு கல் தேவைப்பட்டது. பிறகு இன்னொன்று. நான் உருகிக்கொண்டே போனேன்; இரும்பு ஏறிக்கொண்டே போனது. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் வயிற்றுக்குள் மணி அடிக்கிற மாதிரி சத்தம் வரும். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "பசி" என்பேன்.

ஆனால் உடம்பு பகிடிக்கு வரவில்லை. வாயெல்லாம் புண். தண்ணீர்கூட எரிந்தது. காய்ச்சல் விட்டு விட்டு வந்தது. இரவில் அக்கா என் மூக்கடியில் விரல் வைத்துப் பார்ப்பது, நான் தூங்குவதாக நடித்துக்கொண்டிருக்கும்போது தெரியும். நோய்தான் வெல்கிறது என்று நினைத்தோம். அதனால் கல்லை இன்னும் இறுக்கிக் கட்டினோம்.

ஒருநாள் மருந்து வரவேண்டிய நேரத்தில் மிஸ் வெறுங்கையோடு வந்தார். வாய்மூடி இல்லாமல் அவர் முகத்தை முழுதாகப் பார்த்தது அன்றுதான். என் கையைப் பிடித்துத் தூக்கினார்.

"மாஸ்டர், கை மணிக்கூடு ஏன் முழங்கை வரைக்கும் போகுது?"

"நேரம் சரியில்ல மிஸ். அதான் ஒளியப் பாக்குது."

அவர் சிரிக்கவில்லை. "முகம் வத்திப்போச்சு. இரத்தத்தில வெள்ளணு குறைஞ்சு கிடக்கு. நிறை மட்டும் அசையேல்ல. எழும்புங்கோ, நானே நிறுக்கிறன்."

தராசடிக்குப் போகும் அந்தச் சின்னத் தூரத்தில் எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. ஏறும்போது இடுப்பு கம்பியில் பட்டு 'டங்' என்றது. வார்டே திரும்பிப் பார்த்தது. நான் மிஸ்ஸைப் பார்க்கவில்லை, அக்காவைப் பார்த்தேன். 

"கழட்டுடா தம்பி" என்றாள். பிறகு அவரிடம் திரும்பி, "கொழுந்து நிறுக்கிற எடத்துல எப்பவும் கழிப்பாங்க மிஸ். இங்கயும் கழிப்பீங்கன்னு நாங்க கொஞ்சம் சேத்து வச்சோம்" என்றாள்.

கற்களை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் எத்தனை கிலோ என்று அச்சாகவே பதிந்திருந்தது. மிஸ் அதைத் தடவிப் பார்த்தார். 

"உங்கட நிறையைப் பார்த்துத்தான் மருந்தின்ர அளவு போடுறது. இந்த இரும்புக்கும் சேர்த்து நான் மருந்து கலந்திருக்கிறன். இரும்புக்குப் புற்றுநோய் வாறதில்லை மாஸ்டர். அதின்ர பங்கும் உங்களுக்குள்ளதான் போனது. எனக்குப் பயமாக் கிடக்கு."

நாங்கள் பயப்படலாம். அது எங்கள் வேலை. அத்தனை உடுப்புப் போட்டு, அத்தனை தடவை சரிபார்க்கிற அவர் பயப்பட்டபோதுதான் எனக்கு விஷயம் உண்மையிலேயே உறைத்தது. அவர் டொக்டரிடம் போனார். நாங்கள் வாங்கில் காத்திருந்தோம். அக்கா என் ஸ்வெட்டர் நுனியைப் பிடித்திருந்தாள், கூட்டத்தில் சின்னப் பிள்ளையைத் தொலைக்காமல் பிடிக்கிற மாதிரி. திரும்பி வந்தவர் சொன்னார்:

"இண்டைக்கு மருந்து இல்ல. அடுத்த கிழமை வாங்கோ."

அக்கா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வேணாம் மிஸ். கங்காணிக்கும் இப்பிடித்தானே சொன்னீங்க."

மிஸ்ஸுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு அவரும் அக்காவுக்குப் பக்கத்தில் குந்தினார்.

"அவரை நாங்கள் வரச் சொன்னனாங்கள், அக்கா. அவர் வரேல்ல. 'ஆஸ்பத்திரியில கைய விட்டுட்டாங்க' எண்டு சொல்லி அவர் வீட்டை விட்டுக் கிளம்பவே இல்லையாம், மகன் பிறகு வந்து சொன்னவர். வாங்கோ எண்டா வாங்கோதான். வேற அர்த்தம் இல்ல. தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவீங்கள்தானே?"

அந்த ஒரு வாரம் மாதிரி இன்னொரு வாரத்தை நான் வாழவில்லை. நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. பள்ளிக்கூடத்து மாணவர்கள் லயத்துக்கு வந்து எட்டிப் பார்த்தால், கண்ணை மூடிக்கொள்வேன். சொன்ன நாளில் விடியற்காலையிலேயே அக்கா என்னை ஏறக்குறைய தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வார்டு வாசலில் மிஸ் நின்றார். "வந்திட்டீங்கள்" என்றார்.  தானே நிறுத்தார். முள் நான் பார்க்க விரும்பாத இடத்தில் போய் நின்றது. அவர் அதைப் பார்த்துக் கணக்குப் போட்டு, கையுறை போட உள்ளே போனார்.

மருந்து முடிந்தது. பிறகு வருடக்கணக்காகச் சோதனைக்குப் போய்வந்தோம். அக்காவுக்கு நரைத்தது, மிஸ்ஸுக்கும் காதோரம் நரைத்தது. எனக்கு முடி திரும்பி வந்ததே பெரிய காரியம். இரண்டாயிரம் பிறந்து பல வருடம் கழித்து ஒருநாள், டொக்டரின் அறையிலிருந்து நாங்கள் வெளியே வந்தபோது மிஸ் சொன்னார்:

"மாஸ்டர், இனி நீங்கள் இங்க வரத் தேவையில்ல."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "ஏன் மிஸ்? நாங்க என்னா தப்பு செஞ்சோம்?"

மிஸ் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனை பகிடி விட்டும் நான் வாங்க முடியாத சிரிப்பு அது. "ஒண்டும் செய்யேல்ல அக்கா. அவருக்கு இப்ப நோய் வருத்தம் இல்ல, அதுதான்."

நான் சிரிக்கவில்லை. அக்கா கேட்டதைத்தான் நானும் கேட்கவிருந்தேன்.

இன்று எனக்குத் தொப்பை உண்டு. எந்தக் கடைக்காரனிடமும் எடை இரவல் வாங்கத் தேவையில்லை. ஆனாலும் காலையில் முகம் மழிக்கும்போது விரல் தானாகப் போய்க் கழுத்தில் நிற்கும். கண்ணாடியில் தெரிகிறவன் முப்பது வயதுக்காரனாகிவிடுவான். சில நாட்களில் பொறுக்க முடியாமல் சோப்பு நுரையோடு அக்காவிடம் போய்க் குனிந்து காட்டுவேன். அவளுக்குக் கண் சரியாகத் தெரியாது. மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். விரலால் அமுக்கி அமுக்கிப் பார்ப்பாள். அவள் விரலும் அவசரப்படாது. பிறகு என் தலையைத் தள்ளிவிட்டுச் சொல்வாள்:

"ஒண்ணுமில்ல போடா. வெறும் கொழுப்பு."