சூளை ஆறும் வரை

கைபேசிக் குழுமத்தில் அவளுக்குச் சூளையக்கா என்று பெயர். பெற்றவர் இட்ட பெயரும் இருக்கத்தான் செய்தது. ஆனால் அது சம்பளச் சீட்டிலும் மருந்துச் சீட்டிலும் மட்டுமே உயிர்வாழ்ந்தது. பகல் முழுவதும் அவளுக்குப் பல்செட் செய்யும் கூடமொன்றில் வேலை. முகமறியாத மனிதர்களின் வாய்கள் வெண்சாந்து அச்சுகளாய் அவள் மேசைமேல் வரிசையாகத் திறந்திருக்கும். எந்த வாய்க்கு எந்தப் பல் பொருந்தும் என்று பார்த்து அமைப்பது அவள் தொழில். மாலையானால் வீட்டின் பின்னறையில், துணி துவைக்கும் இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையே ஒடுங்கி நின்ற குயவர் சக்கரத்தின்முன் அமர்ந்து மண் வனைவாள்.

"காலையில பல்லு, சாயங்காலம் பானை. எது உடைஞ்சாலும் எங்கிட்டதான் வந்தாகணும்" என்று தன்னைத்தானே கேலி செய்துகொள்வாள்.

வனைதலை அவள் கைபேசி வழியே கற்றாள். ஊரூராய் அலைந்து இரப்பவர்போலக் குழுமம் குழுமமாய் ஏறி இறங்கினாள். அடிப்பாகம் ஏன் வெடிக்கிறது என்று முதற்குழுமத்தில் கேட்டபோது, மண் சரியில்லை என்றார் ஒருவர். தண்ணீர் மிகுதி என்றார் மற்றொருவர். மனம் சரியில்லை என்றார் மூன்றாமவர். இன்னொரு குழுமத்தில் அழகிய கலங்களுக்கு மட்டுமே இடம். அங்கே அவள் வெடித்த சட்டியொன்றின் படத்தை இட்டு ஐயம் கேட்டாள். "குப்பைத்தொட்டி வாசல்ல இருக்கும்மா" என்று எழுதிவிட்டு அவளையும் வாசலுக்கு அனுப்பினார் அதை நடத்தியவர்.

அவள் கணவர் கண்ணாடிக்கடைக்காரர். அடுத்தவர் பார்வையைத் திருத்துவதே பிழைப்பாகக் கொண்டவர் என்பதால் வீட்டில் எதையும் பார்க்காமல் இருப்பார் என்பது அவளது நிரந்தரக் குற்றச்சாட்டு. அன்று மட்டும் செய்தித்தாளிலிருந்து தலையெடுத்தார்.

"வெளியே தள்ளிட்டாங்களா? சரி விடு. தனிக்குடித்தனம் போயிடு."

அப்படிப் பிறந்ததே அவளுடைய குழுமம். அதற்கு வாயிற்காவலாக ஒரே ஒரு நெறியை வைத்தாள். உள்ளே வர விரும்புகிறவர் தாம் உடைத்த கலம் ஒன்றின் படத்தை முதலில் காட்டவேண்டும். முழுக்கலத்தைக் காட்டி நுழைவார்க்கு இடமில்லை. தன் தோல்வியைக் கையிலேந்தி வருபவரிடம் செருக்கு இராது என்பது அவள் துணிபு. அது பெரிதும் பலித்தது. பணி ஓய்ந்த நர்ஸம்மா வந்தார். பிசைவதில் மாவும் மண்ணும் ஒன்றே என்று வாதாடும் ரொட்டிக்கடைக்காரர் வந்தார். கப்பல் வேலையை விட்டுக் கரையேறிய மாலுமி வந்தார். சண்டைக்கும் குறைவில்லை. "உங்க பானையில ஈஸ்ட் போட்டீங்களா அண்ணே, இப்படி உப்பியிருக்கே" என்று நர்ஸம்மா ஊசி குத்துவார். "ஊசி போட்டே பழகின கை, எங்க போகும்" என்று ரொட்டிக்கடைக்காரர் மருந்திடுவார். சுடுமுன் கலத்தைப் படமெடுத்து இடுவதும், நல்லபடி வரட்டும் என்று மற்றவர் வாழ்த்துவதும் வழக்கமாயிற்று.

அந்த வழக்கத்தின் நடுவே வந்தது தணல் என்னும் பெயர்.

உடைந்த கலத்தின் படம் முறைப்படி வந்தது. அவள் கதவு திறந்தாள். வணக்கமும் இல்லை, அறிமுகமும் இல்லை. சில நாள் சென்றபின், நர்ஸம்மா சூளையிலிட்ட பூச்சாடியின் படத்துக்குக் கீழே இரண்டே சொற்கள் தோன்றின.

"இது பிளக்கும்."

பிளந்தது. அடுத்து ரொட்டிக்கடைக்காரரின் தட்டம். அதுவும் பிளந்தது. பின்பு மாலுமியின் கூசா, கழுத்து நீண்ட தண்ணீர்க் கலம், அதுவும் பிளந்தது. தணல் காரணம் சொல்வதில்லை, கேள்வி கேட்பதில்லை, தன் கலம் எதையும் காட்டுவதில்லை. சொல்லாமல் விட்ட கலங்கள் பழுதின்றி வந்தன. நாளடைவில் வாழ்த்துகள் நின்றுபோயின. படத்தை இட்டுவிட்டு எல்லோரும் தணலின் மௌனத்துக்காகக் காத்திருந்தார்கள். அந்த மௌனமே வரமாயிற்று. தான் கட்டிய வீட்டில் தானறியாத ஒருவர் கூடத்து நடுவே அமர்ந்துவிட்டதாகச் சூளையக்காவுக்குத் தோன்றியது. நீக்கிவிடலாமா என்று கேட்டபோது, "வேணாம் அக்கா, தெரிஞ்சுக்கிறது நல்லதுதானே" என்று எல்லோரும் ஒருமுகமாய் மறுத்தார்கள். அந்த ஒருமை அவளை மேலும் அச்சுறுத்தியது.

அவளுக்கு ஒரு தங்கை. தங்கையின் கணவர் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையொன்றில் வேலை பார்த்ததால், அவள் அக்காள் வீட்டு மாடியறையில் இருந்தாள். முந்தைய ஆண்டு வயிற்றில் தரித்த கரு தங்காமல் போயிற்று. இப்போது மீண்டும் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தாள். கையும் மனமும் சும்மா இருந்தால் அச்சம் வந்து குடியேறுகிறது என்று அவளும் மண்ணைத் தொட்டாள். வாயகன்ற தண்ணீர்ச் சாடி ஒன்றை வனைந்தாள். "இது நல்லா வந்தா, அதுவும் நல்லா வரும்" என்று வயிற்றைத் தடவியபடி ஒருநாள் சொன்னாள். அப்படியெல்லாம் முடிச்சுப் போடாதே என்று அக்காள் அதட்டினாள். முடிச்சு விழுந்துவிட்டது.

சாடிக்குச் சூட்டில் கண்ணாடியாய் உருகிப் படியும் மெருகு பூசி, உலர்த்தி, மின்சூளையில் ஏற்றி, விசையைத் தட்டியாயிற்று. சூளை செந்நிறம் கொண்டபின்னரே சூளையக்கா கைபேசியைப் பார்த்தாள். தங்கை யாரிடமும் சொல்லாமல் சாடியின் படத்தைக் குழுமத்தில் இட்டிருந்தாள். கீழே அந்த இரண்டு சொற்கள்.

மறுநாள் ஞாயிறு. பகலிலேயே மழை இருட்டு கவிந்திருந்தது. தங்கை ஒரு வாய் உணவும் கொள்ளவில்லை. சுவரைப் பார்த்து அமர்ந்திருந்தாள்.

"ஏம்மா மச்சினிச்சி, ஒரு சாடிக்காக இப்படியா? உடைஞ்சா நான் பிளாஸ்டிக்ல ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்றார் கண்ணாடிக்கடைக்காரர்.

"மாமா, உங்களுக்குப் புரியாது."

"உங்க அக்காவும் கல்யாணத்தன்னைக்கே அதைத்தான் சொன்னா."

ஒருவரும் சிரிக்கவில்லை. அவரும் குடையை எடுத்துக்கொண்டு கடைப்பக்கம் போய்விட்டார்.

சூளையக்கா அதுவரை பிளந்த கலங்களின் படங்களை ஒவ்வொன்றாக விரல்களால் விரித்துப் பார்க்கத் தொடங்கினாள். வெடிப்புக்கு ஒரு மொழி உண்டு. வனைபவர் அதைப் படிக்கக் கற்றிருப்பர். சூளையின் உச்ச வெப்பத்தில் மெருகு உருகித் தேன்போல் ஓடும். அதற்கு முன்பே வெடித்திருந்தால், ஓடிய மெருகு வெடிப்பின் விளிம்பை மழுக்கியிருக்கும். ஆறும்போது வெடித்ததாயின் விளிம்பு கத்திபோல் கூர்ந்து நிற்கும். நர்ஸம்மாவின் பூச்சாடி: கத்தி. ரொட்டிக்கடைக்காரரின் தட்டம்: கத்தி. ஆறும்போது கலம் பிளக்கப் பெரும்பாலும் காரணம் ஒன்றே. ஆறுமுன் யாரோ சூளையைத் திறந்து, உள்ளே குளிர்காற்றை விட்டிருக்கிறார்கள். சக்கரத்தில் உட்கார்ந்த முதல் வாரமே கற்கும் பாடம் அது. அதைச் செய்ததாக எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்.

நர்ஸம்மாவைத் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, வெளியே சொல்லிடாதீங்க. சும்மா ஒரு விரக்கடைதான் திறந்தேன். பயம் தாங்கல. அப்பதான் அவர் தனியா ஒரு வரி அனுப்பினாரு, 'இப்போது திறக்கலாம்'னு. பிளக்கும்னு சொன்னவரே சொல்றாரேன்னு..."

ரொட்டிக்கடைக்காரருக்கும் அதே வரி வந்திருந்தது. அவரும் திறந்திருந்தார், அவரும் மறைத்திருந்தார். சூளையக்காவுக்கு மூச்சு இலகுவாயிற்று. இது குறியல்ல, வெறும் சூது. அச்சத்தை விதைத்துக் கதவைத் திறக்கவைக்கும் கெட்ட மனம், அவ்வளவே.

பிறகு மாலுமியின் படத்தை விரித்தாள். அவர் கூசாவின் வெடிப்பு மழுங்கியிருந்தது.

"நானா? திறக்கவே இல்லம்மா" என்றார் மாலுமி. "சூளையைப் போட்டுட்டு மகள் வீட்டுக்குப் போயிட்டேன். வந்து திறக்கிறப்ப ஐஸ் மாதிரி இருந்துச்சு. எனக்கும் தனியா ஒரு வரி வந்தது. ஆனா திறக்கச் சொல்லல."

"வேற என்ன சொன்னாரு?"

"'அவசரம் வேண்டாம்'னு."

மாலுமியின் கலம் மெருகு உருகுமுன்பே, சூளைக்குள்ளேயே பிளந்துவிட்டிருந்தது. பூட்டிய வீட்டில், மூடிய சூளையில், தகிக்கும் இருளில் நிகழ்ந்ததை ஒருவர் அறிந்திருந்தார். ஆகவே அவசரம் வேண்டாம் என்றார். கைபேசியை அவள் மேசைமேல் முகம் கவிழ்த்து வைத்தாள். பின்கழுத்தில் யாரோ ஊதியதுபோல் இருந்தது.

தங்கையைத் தேடி மாடியேறினாள். அறை வெறுமையாக இருந்தது.

பின்னறையில் தங்கை சூளையின் முன் நின்றிருந்தாள். ஒரு கை வயிற்றின்மேல், மறு கை தாழ்ப்பாளின்மேல். வெப்பங்காட்டியின் சிவப்பு எண்கள் இன்னும் மிக உயரத்தில் இருந்தன. சூளைக்குள்ளிருந்து மெல்லிய ஒலி வந்துகொண்டிருந்தது. டிங். சற்று இடைவெளி. டிங், டிங்.

"அக்கா, உள்ள யாரோ தட்டுறாங்க."

"மெருகு ஆறும்போது அப்படித்தான் சத்தம் வரும். கையை எடு."

"திறக்கச் சொல்லி வந்திருக்கு. இப்பதான் வந்துச்சு. பாரு."

தங்கை கைபேசியை நீட்டினாள். "இப்போது திறக்கலாம்." அந்த வரியின் கீழே, மறுமுனையில் எவரோ எழுதிக்கொண்டிருப்பதைக் காட்டும் புள்ளிகள் ஏறி இறங்கின, ஏறி இறங்கின, எதுவும் வரவில்லை. காத்திருப்பவர் விரலால் மேசையைத் தட்டுவது போலிருந்தது. உள்ளேயிருந்து வந்த ஒலி அந்தப் புள்ளிகளின் அசைவோடு இணைந்து வருவதைச் சூளையக்கா கேட்டாள். தங்கையிடம் சொல்லவில்லை.

அவள் மனத்தில் ஒன்று தெளிந்தது. தங்கையின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இங்க பாருடி. மாலுமியோட கூசா உள்ளயே உடைஞ்சு போச்சு. அவர்கிட்ட இது 'அவசரம் வேண்டாம்'னு சொல்லுச்சு. உடையாம இருந்தவங்ககிட்டத்தான் திற, திறன்னு கெஞ்சியிருக்கு. உங்கிட்ட இப்ப என்ன சொல்லுது?"

தங்கை கைபேசியை மீண்டும் பார்த்தாள்.

"திறக்கச் சொல்லுது..."

"அப்ப உன் சாடி முழுசா இருக்கு. முழுசா இருக்கிறதாலதான் அதுக்கு உன் கை வேணும். குடுக்காதே."

தங்கையின் விரல்கள் தாழ்ப்பாளைவிட்டு ஒவ்வொன்றாகப் பிரிந்தன. சூளையின் எதிரே, துவைத்த துணிக்கூடைமேல் இருவரும் நெருங்கி அமர்ந்தார்கள். தங்கையின் கைபேசி அதிர்ந்தது, மீண்டும் அதிர்ந்தது, துணிகளின் அடியில் புதைத்தபின்னும், பிடிபட்ட வண்டுபோல அதிர்ந்துகொண்டே இருந்தது. அக்காள் தனக்குத் தெரிந்த துதிகளை எல்லாம் வாய்க்குள் சொன்னாள். முடிந்ததும் முதலிலிருந்து தொடங்கினாள். மழை ஓய்ந்தது. கண்ணாடிக்கடைக்காரர் திரும்பிவந்து வாசலில் நின்று பார்த்தார். அவரும் ஒன்றும் கேளாமல் தரையில் அமர்ந்தார்.

மறுநாள் வெயில் ஏறியபின், வெறுங்கையை வைத்துச் சூடில்லை என்று உறுதிசெய்துகொண்டு, தங்கையையே திறக்கவைத்தாள். சாடி முழுமையாய் இருந்தது. நீலமும் பச்சையும் கலந்த மெருகில் கீறல் ஒன்றில்லை. தங்கை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "முதல்ல இறக்கி வையி, கனமா இருக்கும்" என்று கண்ணாடிக்கடைக்காரர் பதறினார்.

சூளையக்கா அன்றே நடந்ததையெல்லாம் குழுமத்தில் எழுதினாள். வெட்கப்பட்டு மறைத்திருந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராய் ஒப்புக்கொண்டார்கள். இனிச் சுடாத கலத்தின் படம் இங்கே வரக்கூடாது என்று இரண்டாவது நெறியை வகுத்தாள். பின்பு தணலை நீக்கினாள். அந்தப் பெயர் மறைந்தது. அது எழுதியவை யாவும் மறைந்தன.

உறுப்பினர் எண்ணிக்கை குறையவில்லை.

கணக்கில் பிழை இருக்கும் என்று பக்கத்தை மூடித் திறந்தாள். பெயர்ப்பட்டியலை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தாள். எல்லாம் அறிந்த பெயர்கள். உடைந்த கலத்தோடு வந்து அவளே கதவு திறந்துவிட்டவர்கள். ஒருவர் போனார், ஒருவரும் குறையவில்லை. இதை அவள் குழுமத்திலும் சொல்லவில்லை, வீட்டிலும் சொல்லவில்லை.

பெண்குழந்தை சுகமாய்ப் பிறந்தது. தங்கையின் கணவர் கடலிலிருந்து வந்து, சாடியைக் கண்டு, இதைவிடக் கனமானதை மேடையில்கூடத் தூக்கியதில்லை என்று சொல்லி அடி வாங்கினார். சாடி சமையலறைச் சன்னலோரம் தண்ணீர் நிறைந்து நிற்கிறது. வீடு முழுவதும் அதிலிருந்தே குடிக்கிறது.

பிளக்கும் என்றுதான் அந்த வரி சொன்னது. எப்போது என்று சொல்லவில்லை. சூளையக்கா இதை நினையாத காலை இல்லை. தங்கை குழந்தையோடு மாடியிலிருந்து இறங்குமுன் அவள் எழுந்து, சன்னலோரம் சென்று, விரல்முட்டியால் சாடியை மெல்லத் தட்டிக் காதுகொடுப்பாள். வெடிப்புள்ள கலம் மழுங்கலாய் முனகும். முழுக்கலம் மணியாய் ஒலிக்கும். இதுவரை மணியாகவே ஒலிக்கிறது. சில காலைகளில், அவள் விரல் சாடியைத் தொடுமுன்பே அந்த ஒலி எழுந்துவிடுகிறது. அப்போது அவள் கையை நீட்டியபடியே நின்று, அது ஓயும்வரை முழுதும் கேட்கிறாள். பிறகு சாடியின் வாயைத் தட்டால் மூடிவிட்டு, அடுப்பைப் பற்றவைக்கிறாள்.